டெனோசுமாப் 120 மி.கி. ஊசி: போட்டுக்கொண்ட ஒருத்தியின் மதிப்பீடு

வலியைக் குறைத்ததற்கு ஐந்துக்கு ஐந்து. முழங்கால் மூட்டைக் காப்பாற்ற வழிவிட்டதற்கு ஐந்துக்கு நான்கு. பக்க விளைவுகளைப் பற்றி நோயாளியிடம் உட்கார்ந்து பேசும் பழக்கத்துக்கு ஐந்துக்கு இரண்டு, அதுவும் தாராளமாக. அந்தக் குறை மருந்தைச் சேர்ந்ததல்ல, மருந்தைக் கொடுக்கிறவர்களைச் சேர்ந்தது. இருந்தாலும் ஊசியைப் போட்டுக்கொள்கிறவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் வந்து சேர்கிறது.

எலும்பில் கட்டி என்று கேள்விப்பட்டு, "டெனோசுமாப் போடலாமா என்று பார்க்கிறோம்" என டாக்டர் சொன்ன நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த வாக்கியத்தைக் கேட்ட அன்று எனக்கு இதெல்லாம் யாராவது வரிசையாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எனக்கு வந்தது ஜயன்ட் செல் டியூமர். முழங்காலுக்குக் கீழே உள்ள டிபியா எலும்பின் தலைப்பகுதியில், மூட்டை ஒட்டி இருந்தது. பெரும்பாலும் இருபது முதல் நாற்பது வயதுக்குள் இருப்பவர்களுக்கு வரும் கட்டி இது. முழங்காலைச் சுற்றித்தான் அதிகம் உட்காரும். கறாராகச் சொன்னால் இதைப் புற்றுநோய் என்று வகைப்படுத்துவதில்லை. ஆனால் "சாதாரணக் கட்டிதான்" என்று யாராவது ஆறுதல் சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். இது எலும்பை உள்ளிருந்து தின்று, அதன் வெளிச்சுவரை உடைத்து வெளியே வரும். சிலருக்கு நுரையீரலுக்கும் போகும். அபூர்வமாக, உண்மையான புற்றாகவும் மாறும். என் எக்ஸ்ரேயில் எலும்பின் வெளிச்சுவர் ஒரு பக்கம் காணாமலே போயிருந்தது. மூட்டோடு சேர்த்து வெட்டி எடுத்துவிட்டு உலோக மூட்டு வைக்க வேண்டியிருக்கும் என்பதுதான் முதலில் சொல்லப்பட்ட வழி. அந்த வயதில் உலோக மூட்டு வைத்தால், வாழ்நாளுக்குள் அதை மறுபடி மறுபடி மாற்ற வேண்டிவரும். அதனால்தான் இந்த ஊசியைப் பற்றிய பேச்சே வந்தது.

இனி இந்த மருந்து என்ன செய்கிறது என்று பார்ப்போம். இதைத் தாண்டிக்கொண்டு போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்த ஊசியின் நன்மை, கெடுதல், எல்லை மூன்றும் ஒரே ஒரு புரதத்தில் அடங்கியிருக்கின்றன. அது புரிந்துவிட்டால் டாக்டர் சொல்லும் ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் காரணம் தானாகவே விளங்கிவிடும்.

எலும்பு உயிருள்ள பொருள். ஒரு பக்கம் ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல்கள் பழைய எலும்பைக் கரைத்துக்கொண்டே இருக்கும். மறுபக்கம் ஆஸ்டியோபிளாஸ்ட் என்ற செல்கள் புதிதாகக் கட்டிக்கொண்டே இருக்கும். கரைக்கிற செல்கள் சும்மா உருவாகிவிடாது. அவற்றின் இளம் பருவத்தில், மேற்பரப்பில் ரேங்க் என்ற புரதம் இருக்கும். பக்கத்து செல்கள் ரேங்க்-எல் என்ற இன்னொரு புரதத்தை நீட்டும். இரண்டும் ஒட்டிக்கொண்டால்தான் அந்த இளம் செல்கள் ஒன்றோடொன்று கலந்து, பல உட்கருக்கள் கொண்ட பெரிய செல்லாக மாறி எலும்பைக் கரைக்கத் தொடங்கும். ரேங்க்-எல் இல்லையென்றால் கரைப்பும் இல்லை.

உடம்பே இதற்கு ஒரு தடுப்பையும் வைத்திருக்கிறது. அதன் பெயர் ஆஸ்டியோப்ரோடெகெரின். அதுவும் ஒரு புரதம்தான். ரேங்க்-எல் போய் ரேங்க்கைச் சேர்வதற்கு முன்பே, நடுவில் புகுந்து அதைப் பிடித்துக்கொள்ளும். 1997இல் இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். இதை அளவுக்கு மீறி உற்பத்தி செய்யும்படி மாற்றப்பட்ட எலிகளுக்கு எலும்பு அசாதாரணமாக அடர்ந்துபோனதைப் பார்த்துத்தான் அதன் வேலை தெரியவந்தது. அது பிடிப்பது ரேங்க்-எல்லைத்தான் என்பது அடுத்த ஆண்டே தெரியவந்தது. ஆஸ்டியோப்ரோடெகெரின் செய்யும் அதே வேலையை, இன்னும் நீண்ட நாள் நின்று செய்யும்படி வடிவமைக்கப்பட்ட ஆன்டிபாடி என்ற வகைப் புரதம்தான் டெனோசுமாப். அது ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும்.

ஒரு புரதத்தைப் பிடிக்க இன்னொரு புரதத்தை அனுப்புகிறார்கள் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். இதை ஏன் மாத்திரையாகத் தரவில்லை என்ற கேள்விக்கும் பதில் இதில் இருக்கிறது. புரதத்தை விழுங்கினால் வயிறு செரித்துவிடும், அதனால்தான் ஊசி.

ஜயன்ட் செல் டியூமரில் நடப்பது என்ன? பயாப்ஸியில், அதாவது கட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்துச் சோதிக்கும்போது, கண்ணில் பளிச்சென்று தெரிவது அந்தப் பெரிய, பல உட்கருக்கள் கொண்ட செல்கள். கட்டிக்குப் பெயரே அவற்றால்தான் வந்தது. ஆனால் குற்றவாளி அவை அல்ல. அவற்றுக்கு நடுவே அடக்கமாக இருக்கும் ஸ்ட்ரோமல் செல்கள்தான் உண்மையான கட்டிச் செல்கள். வீட்டை இடிக்கக் கூலிக்கு ஆள் கூப்பிடுகிறவனைப் போல, இந்த ஸ்ட்ரோமல் செல்கள் ரேங்க்-எல்லை ஏராளமாக உற்பத்தி செய்து கரைக்கும் செல்களை வரவழைக்கின்றன. இடிக்கிறவர்கள் வேறு, கூப்பிட்டவன் வேறு. டெனோசுமாப் இடிப்பவர்களை நிறுத்துகிறது. கூப்பிட்டவன் அங்கேயேதான் இருக்கிறான். மொத்த மதிப்பீட்டிலும் ஒரே ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

கூப்பிடுகிறவனின் அடையாளமும் ஒரு புரதத்தில்தான் இருக்கிறது. ஹிஸ்டோன் 3.3 என்பது செல்லின் உட்கருவில் டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் புரதங்களில் ஒன்று. இந்தக் கட்டி வருபவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு, அந்தப் புரதத்தின் 34ஆம் இடத்தில் கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு அமினோ அமிலம், பெரும்பாலும் டிரிப்டோஃபேன், வந்து உட்கார்ந்திருக்கும். இது 2013இல் தெரியவந்தது. இப்போது மாறிய அந்தப் புரதத்தை மட்டும் தேடி ஒட்டிக்கொள்ளும் சாயப் பரிசோதனை இருக்கிறது. என் பயாப்ஸி அறிக்கையில் 'ஜி34டபிள்யூ பாசிட்டிவ்' என்று ஒரு வரி இருந்தது. அந்த மாற்றத்தின் சுருக்கப் பெயர்தான் அது. பார்த்தவுடன் பயமாகத்தான் இருந்தது. நல்லவேளை, நோயியல் டாக்டர் ஒருவர் பொறுமையாக விளக்கினார்: "இந்த வரி உங்கள் நோய் மோசம் என்று சொல்லவில்லை. இது இன்ன கட்டிதான், வேறு எதுவும் இல்லை என்று உறுதி செய்கிறது." உங்கள் அறிக்கையில் அந்த வரி இருந்தால் நீங்களும் பயப்பட வேண்டாம்.

சரி, ஊசிக்கு வருவோம்.

120 மில்லிகிராம் மருந்து 1.7 மில்லிலிட்டரில் இருக்கும். சின்னக் குப்பிதான். நரம்பில் ஏற்ற வேண்டியதில்லை. தோலுக்கு அடியில், மேல்கையிலோ தொடையிலோ வயிற்றிலோ போடுவார்கள். நான்கு வாரத்துக்கு ஒன்று. இந்தக் கட்டிக்கு மட்டும் முதல் மாதத்தில் 8ஆம் நாளும் 15ஆம் நாளும் கூடுதலாக ஒவ்வொன்று. கீமோவுக்கு உட்காருகிறவர்களைப் போல மணிக்கணக்கில் சாய்வு நாற்காலியில் கிடக்க வேண்டாம். போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிடலாம். இந்த எளிமைக்கு முழு மதிப்பெண்.

ஆனால் குப்பியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில், அதன் சொந்த அட்டைப் பெட்டிக்குள் வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். உறையவிடவும் கூடாது, குலுக்கவும் கூடாது. புரதம் அதன் வடிவத்தால்தான் வேலை செய்கிறது, வடிவம் குலைந்தால் மருந்தும் போயிற்று. போடுவதற்குக் கொஞ்சம் முன்பு வெளியே எடுத்து அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும். குளிர்ச்சியோடு போட்டால் நன்றாகவே வலிக்கும். இதைச் சொல்லித் தந்தது ஒரு மூத்த சிஸ்டர். பெட்டியைத் தன் மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, "அது கொஞ்சம் ஆறட்டும்மா, குளிரோட குத்தினா உனக்குத்தான் கஷ்டம்" என்று சொல்லி என்னை உட்காரவைத்தார். சூட்டைக் குளிரவிடுவது மாதிரி குளிரைச் சூடாகவிடுவதற்கும் 'ஆறட்டும்' என்றுதான் சொன்னார், எனக்கும் அது நன்றாகவே புரிந்தது. இதற்காக மருந்தை வெந்நீரில் வைப்பதோ உள்ளங்கையில் வைத்து உருட்டுவதோ வேண்டவே வேண்டாம்.

பலன் எனக்குச் சீக்கிரமே தெரிந்தது. இந்த வலியை அனுபவித்தவர்களுக்குத் தெரியும், பகலில் நடக்கும்போது வருவது ஒரு வகை, இரவில் சும்மா படுத்திருக்கும்போது எலும்புக்குள்ளிருந்து வருவது வேறு வகை. அந்த இரவு வலிதான் முதலில் குறைந்தது. அப்புறம் வலி மாத்திரையின் அளவு குறைந்தது. அடுத்தடுத்த எக்ஸ்ரேக்களில், காணாமல் போயிருந்த வெளிச்சுவர் இருந்த இடத்தில் முதலில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு வந்தது, பிறகு அது தடித்தது. கரைப்பு நின்றதும் உடம்பு தானாகவே சுவர் கட்டத் தொடங்கிவிட்டது. அந்தப் படத்தை என் கணவர் போனில் வைத்துக்கொண்டு பார்க்கிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

என் ஒருத்தியின் அனுபவம் மட்டும் இல்லை இது. 2010இல் வெளிவந்த முதல் ஆய்வில், மதிப்பிட முடிந்த 35 பேரில் 30 பேருக்குக் கட்டி மருந்துக்குக் கட்டுப்பட்டது. 2013இல் வந்த பெரிய ஆய்வில், அறுவை சிகிச்சையால் குணப்படுத்த முடியாத நிலையில் இருந்த 169 பேரில் 163 பேருக்கு, ஆய்வுக்காலத்தில் கட்டி மேற்கொண்டு வளரவில்லை. அதே 2013இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்தக் கட்டிக்கு இந்த மருந்தை அனுமதித்தது. எலும்புக் கட்டி வைத்தியத்தில் இப்படிப்பட்ட எண்கள் அடிக்கடி வருவதில்லை.

இனிப் பக்க விளைவுகள். முதலாவது கால்சியம். எலும்புதான் உடம்பின் கால்சியக் கிடங்கு. கரைக்கும் செல்களை மொத்தமாக நிறுத்தினால், ரத்தத்துக்கு அங்கிருந்து வரும் கால்சியமும் நின்றுபோகும். மருந்து கட்டிக்குள் இருக்கும் ரேங்க்-எல்லை மட்டும் பார்த்துப் பார்த்துப் பிடிக்காது, உடம்பு முழுவதும் பிடிக்கும். அதனால் கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் இல்லாமல் இந்த ஊசியைத் தொடங்கவே கூடாது. ரத்தத்தில் கால்சியம் ஏற்கெனவே குறைவாக இருந்தால், அதைச் சரிசெய்த பிறகுதான் முதல் ஊசி. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

எனக்கு ஆரம்ப நாட்களில் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போல இருந்தது. பிறகு விரல் நுனிகள் மரத்தன. வேறு எதையோ நினைத்துக் காத்திருக்காமல் உடனே போன் செய்தேன். ரத்தம் எடுத்துப் பார்த்து, கால்சியம் இறங்கியிருக்கிறது என்று சொல்லி மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். சில நாட்களில் சரியாகிவிட்டது. உதடு, விரல், கால்விரல் மரத்துப்போவது, தசை இழுத்துக்கொள்வது, வலிப்பு, நெஞ்சு படபடப்பு, இவற்றில் எது வந்தாலும் அடுத்த ஊசி நாள் வரை தள்ளிப்போடாதீர்கள். கால்சியம் கடுமையாக இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

இரண்டாவது பல். முதலில் போன ஓர் இடத்தில் என்னிடம் பல்லைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊசி எழுதித் தரத் தயாராக இருந்தார்கள். இரண்டாவது கருத்துக்காகப் போன இடத்தில்தான், "பல் டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள், அப்புறம் தொடங்கலாம்" என்று சொன்னார்கள். காரணம் இதுதான்: தாடை எலும்பு ஓயாமல் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் எலும்பு. கரைப்பு நின்றால் புதுப்பிப்பும் மந்தமாகும். அந்த நேரத்தில் பல்லைப் பிடுங்கினால், சிலருக்குப் புண் ஆறாமல் தாடை எலும்பே வெளியே தெரியும்படி செத்துப்போகும். எலும்புக்குப் பரவிய புற்றுநோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வுகளில் டெனோசுமாப் போட்டவர்களில் 1.8 சதவீதம் பேருக்கு இது வந்தது. சின்ன எண்தான். ஆனால் வந்துவிட்டால் குணமாவது பெரும்பாடு. மருந்து தொடரும் காலம் நீள நீள ஆபத்தும் கூடும். அதனால் பிடுங்க வேண்டிய பல் இருந்தால் முன்பே பிடுங்கி, புண் நன்றாக ஆறிய பிறகு தொடங்குங்கள். எனக்குக் கடைவாயில் ஒன்று இருந்தது. அது ஆறும்வரை காத்திருந்தது அந்த நேரத்தில் பெரிய எரிச்சலாக இருந்தது. இப்போது அந்த இரண்டாவது இடத்துக்கு மனதார நன்றி சொல்கிறேன்.

மூன்றாவது விஷயத்தைப் பெண்களுக்காகத் தனியாக எழுதுகிறேன். இந்தக் கட்டி வரும் வயதும் பிள்ளை பெற்றுக்கொள்ளும் வயதும் ஒன்றுதான். டெனோசுமாப் வயிற்றில் வளரும் குழந்தையைப் பாதிக்கக்கூடியது. ஊசி தொடங்கும் முன் கர்ப்பம் இல்லை என்று பரிசோதித்து உறுதி செய்ய வேண்டும். போட்டுக்கொள்ளும் காலம் முழுவதும், கடைசி ஊசிக்குப் பிறகு குறைந்தது 5 மாதமும் கருத்தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை மாமியார், மாமனார் உட்கார்ந்திருக்கும் அறையில் சொல்ல டாக்டர்கள் தயங்குகிறார்கள். நீங்களே தனியாகக் கேட்டுவிடுங்கள்.

என்னோடு அதே நாட்களில் ஊசிக்கு வரும் ஒரு பெரியம்மா இருந்தார். மார்பகப் புற்றுநோய் முதுகெலும்புக்கும் இடுப்புக்கும் பரவியிருந்தது. "உனக்கும் எனக்கும் ஒரே மருந்தாமே கண்ணு, அப்ப ஒரே வியாதியா?" என்று கேட்டார். இல்லை, ஆனால் இரண்டு இடத்திலும் நடுவில் நிற்பது அதே புரதம்தான். மார்பகத்திலிருந்து எலும்புக்கு வந்து சேரும் புற்று செல்களுக்கு எலும்பைத் தாமாகக் கரைக்கத் தெரியாது. அவை பி.டி.எச்.ஆர்.பி. போன்ற புரதங்களைச் சுரந்து, அங்கிருக்கும் எலும்பு கட்டும் செல்களை ரேங்க்-எல் உற்பத்தி செய்ய வைக்கின்றன. கரைக்கும் செல்கள் பெருகுகின்றன. எலும்பு கரையும்போது அதற்குள் அடைபட்டிருந்த டி.ஜி.எஃப்.-பீட்டா போன்ற வளர்ச்சிப் புரதங்கள் வெளியே வருகின்றன. அவை புற்று செல்களை மேலும் வளர்க்கின்றன. வளர்ந்த புற்று இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. இந்தச் சுழலை டெனோசுமாப் ரேங்க்-எல் இருக்கும் இடத்தில் வெட்டுகிறது.

அந்த அம்மாவைப் போன்றவர்களுக்கு இது எவ்வளவு உதவும்? மார்பகப் புற்றுநோயில், நரம்பில் ஏற்றும் எலும்பு மருந்தான சோலெட்ரோனிக் அமிலத்தோடு ஒப்பிட்டு நடந்த ஆய்வு 2010இல் வந்தது. எலும்பு முறிவு, எலும்புக்குக் கதிர்வீச்சு தேவைப்படுவது, தண்டுவடம் நசுங்குவது போன்றவை முதன்முறை வருவதை டெனோசுமாப் கூடுதலாகத் தள்ளிப்போட்டது. ஆபத்து 18 சதவீதம் குறைந்தது. ஆனால் மொத்த ஆயுளில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. நரம்பில் ஏற்ற வேண்டாம், சிறுநீரகத்தைக் கெடுக்காது என்பது இதன் கூடுதல் வசதி. அந்த அம்மா வாக்கர் இல்லாமல் நடந்து வருவதை நான் பார்த்தேன். அதற்குக் காரணம் இந்த ஊசி மட்டும் என்று சொல்ல மாட்டேன். கதிர்வீச்சும் ஹார்மோன் மாத்திரையும் சேர்ந்துதான் அவருடைய வைத்தியம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எலும்பில் வரும் எல்லாப் புற்றுக்கும் இது மருந்து இல்லை. யூயிங் சார்கோமா என்ற எலும்புப் புற்றில் இரண்டு மரபணுக்கள் உடைந்து ஒட்டிக்கொண்டு, இ.டபிள்யூ.எஸ்.-எஃப்.எல்.ஐ.1 என்ற, இயற்கையில் இருக்கவே கூடாத ஒரு கலப்புப் புரதத்தை உண்டாக்குகின்றன. நோயை ஓட்டுவது அதுதான். ஆஸ்டியோசார்கோமா என்ற இன்னொரு எலும்புப் புற்றில் செல்லைக் கட்டுப்படுத்தும் பி53, ஆர்.பி. ஆகிய காவல் புரதங்கள் பழுதாகியிருப்பதைப் பரவலாகப் பார்க்கிறார்கள். இந்த இரண்டுக்கும் கீமோவும் அறுவை சிகிச்சையும்தான் அடிப்படை வைத்தியம். யூயிங்குக்குக் கதிர்வீச்சும் சேரும். "எலும்புக் கேன்சருக்கு ஓர் ஊசி இருக்காமே, கீமோவே வேண்டாமாமே" என்று யாராவது அனுப்பும் செய்தியை நம்பி, கீமோவைத் தள்ளிப்போட்டுவிடாதீர்கள். எந்தப் புரதம் நோயை ஓட்டுகிறது என்று பயாப்ஸி சொன்ன பிறகுதான் எந்த மருந்து என்ற கேள்வியே வரும்.

இப்போது, மூட்டைக் காப்பாற்றியதற்கு அந்த ஒரு மதிப்பெண் ஏன் குறைந்தது என்று சொல்கிறேன்.

ஊசியால் என் கட்டியைச் சுற்றி வலுவான சுவர் வந்தது. மூட்டை வெட்டி எடுக்க வேண்டாம், சுரண்டி எடுத்தால் போதும் என்ற நிலைக்கு வந்தோம். ஆனால் அந்தச் சுவரே அறுவை சிகிச்சை டாக்டருக்குத் தொல்லையும் ஆகிறது. மருந்துக்கு முன்னால் கட்டி மென்மையாக, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியும்படி இருக்கும். மருந்துக்குப் பின் உள்ளே புது எலும்பும் நார்த்திசுவும் படிந்து, நல்ல எலும்பு எது, கட்டி எது என்று பிரித்துப் பார்ப்பது கடினமாகிவிடும். அந்தப் புது எலும்புக்கு உள்ளே ஸ்ட்ரோமல் செல்கள் உயிரோடு மாட்டிக்கொண்டிருக்கும். முன்பே டெனோசுமாப் போட்டு, பிறகு சுரண்டி எடுத்தவர்களுக்குக் கட்டி திரும்பி வருவது அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அதனால் என் டாக்டர் தெளிவாக இருந்தார். "சுவர் வருகிற அளவுக்குப் போதும். அதற்கு மேல் நீட்டினால் எனக்குச் சுரண்டுவது கஷ்டம், உங்களுக்குத் திரும்பி வருகிற ஆபத்து அதிகம்" என்று சொல்லி, தொடங்கும் முன்பே எப்போது நிறுத்துவோம் என்பதையும் பேசி வைத்துவிட்டார். அறுவை சிகிச்சையில் சுற்றியிருந்த எலும்பையும் அதிவேக பர் கருவியால் கடைந்து, குழியை எலும்பு சிமென்ட்டால் நிரப்பி, பக்கத்தில் ஒரு பிளேட் வைத்தார்கள். மூட்டு என்னுடையதாகவே இருக்கிறது. ஊசி இல்லாமல் அது நடந்திருக்காது. ஊசி மட்டும் இருந்திருந்தாலும் நடந்திருக்காது.

கட்டி சின்னதாக, சுவர் உடையாமல் இருக்கிறவர்களுக்கு நேரடியாகச் சுரண்டுவதே நல்ல வழியாக இருக்கலாம். அந்த நிலையில் "எதற்கும் இருக்கட்டும்" என்று இந்த ஊசியைப் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதுகுத்தண்டின் அடியில் இருக்கும் திருவெலும்பு போன்ற, கத்தி வைத்தால் சிறுநீர், மலம் கட்டுப்பாடே போய்விடக்கூடிய இடத்தில் கட்டி இருக்கிறவர்களுக்கு இது கிட்டத்தட்ட வரம். அவர்களில் சிலர் ஆண்டுக்கணக்கில் போட்டுக்கொள்கிறார்கள். அவர்கள் தாடையையும், அரிதாகத் தொடை எலும்பில் வரும் விசித்திரமான முறிவையும் தொடர்ந்து கவனிக்க வேண்டும். தொடையிலோ கவட்டையிலோ புது வலி வந்தால் அதை அலட்சியம் செய்யக் கூடாது.

வேறொரு இடத்தில் அறுவை சிகிச்சை செய்துகொள்கிறவர்கள் ஒன்றை மறக்காதீர்கள். எடுத்த திசுவைப் பார்க்கும் நோயியல் டாக்டருக்கு நீங்கள் டெனோசுமாப் போட்டிருக்கிறீர்கள் என்று எழுத்தில் தெரிய வேண்டும். மருந்துக்குப் பிறகு பெரிய செல்கள் மறைந்து, புது எலும்பும், நீண்டு இரு முனையும் கூர்ந்த செல்களும்தான் தெரியும். விவரம் தெரியாதவர் கண்ணுக்கு அது ஆஸ்டியோசார்கோமா போலத் தோன்றக்கூடும். அந்த ஒரு வரி இல்லாததால் தவறான பெயர் வந்துவிட்டால் அதன் பின் நடப்பதெல்லாம் தவறாகிவிடும்.

நிறுத்திய பிறகும் இந்த மருந்து விடுவதில்லை. பிடிபட்டிருந்த ரேங்க்-எல் விடுபடும்போது கரைக்கும் செல்கள் ஒரேயடியாகக் கிளம்பும். இந்தக் கட்டிக்காகப் போட்டு நிறுத்தியவர்களில் சிலருக்கும், வளரும் வயதுப் பிள்ளைகளுக்கும், சில மாதங்கள் கழித்துக் கால்சியம் எதிர்த்திசையில் எகிறியிருக்கிறது. குமட்டல், வாந்தி, தலைவலி, காரணமில்லாத அசதி, மலச்சிக்கல் வந்தால் ரத்தம் பாருங்கள். நிறுத்திய பிறகு முதுகெலும்பில் ஒன்றுக்கு மேற்பட்ட முறிவுகள் வருவதும் பதிவாகியிருக்கிறது. எலும்பு ஏற்கெனவே மெலிந்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். என்னைத் தொடர்ந்து ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். "ஊசிதான் முடிந்துவிட்டதே" என்று வீட்டில் கேட்டார்கள், ஆனாலும் போனேன்.

பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு. டெனோசுமாப் 60 மி.கி. என்ற அளவில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை, எலும்பு மெலிவுக்காகப் புரோலியா என்ற பெயரில் வருகிறது. புற்றுக்கும் கட்டிக்கும் வருவது 120 மி.கி., எக்ஸ்ஜீவா என்ற பெயரில். இரண்டும் ஒரே மருந்து. எலும்பு மெலிவுக்கு ஏற்கெனவே ஊசி போட்டுக்கொள்ளும் வயதானவருக்குப் புற்றுநோய் டாக்டரும் எழுதிக்கொடுத்தால் இரண்டும் சேர்ந்துவிடும். அது கூடாது. 2024 மார்ச்சில் எஃப்.டி.ஏ. முதல் டெனோசுமாப் பயோசிமிலர்களை (மூல மருந்தைப் போலவே வேறு கம்பெனிகள் செய்பவை) அனுமதித்ததிலிருந்து பெயர்கள் பெருகிவருகின்றன. அதனால் பெட்டியில் கம்பெனி வைத்த பெயரைப் பார்க்காதீர்கள். 'டெனோசுமாப்' என்ற சொல்லையும் பக்கத்தில் இருக்கும் மில்லிகிராமையும் பாருங்கள்.

நான் இப்போது குறிப்பிட்ட இடைவெளியில் முழங்காலுக்கும் மார்புக்கும் படம் எடுத்துக்கொள்கிறேன். மார்புக்கு ஏன் என்று கேட்பவர்களுக்கு, இந்தக் கட்டி போகக்கூடிய அடுத்த இடம் நுரையீரல். என் கோப்பின் முதல் பக்கத்தில் முதல் ஊசியின் தேதி, கடைசி ஊசியின் தேதி, ஜி34டபிள்யூ வரி மூன்றும் பெரிய எழுத்தில் இருக்கின்றன. பல் டாக்டர், ஸ்கேன் எடுப்பவர், புதிதாகப் பார்க்கும் எந்த டாக்டரானாலும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் நீட்டுகிறேன். நீங்களும் ஊசி தொடங்கும் அன்றே அப்படி ஒரு பக்கம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.